வீட்டுக் கல்

பெர்னார்ட் வீட்டில் எதைத் தூக்கிப் பார்த்தாலும் அடியில் ஒரு கல் இருக்கும். சலவை இயந்திரத்தின் நான்கு காலுக்கும் நான்கு. கேஸ் தோம்பு என்கிற சிலிண்டருக்கு ஒன்று. ரோஜாத் தொட்டிகள், செருப்புப் பலகை, வாசலில் மாதா சொரூபம், எல்லாவற்றுக்கும் அதே கல்தான். அரையடி நீளம், அரையடி அகலம், அரையடி உயரம் உள்ள கான்கிரீட் கட்டி. தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாகான் டாலாமில் அந்த வரிசை வீடுகளில் மற்றவர்கள் செங்கல்லையோ பலகையையோ வைத்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்க, இந்த வீட்டில் மட்டும் எல்லாம் ஒரே அளவில், மூலை மழுங்காமல் இருக்கும். கடையில் வாங்கியது என்று நினைத்து விலை கேட்டவர்களும் உண்டு.

அவர் வேலை அப்படி. கட்டுமான இடத்துக்குக் கான்கிரீட் லோரி வந்து நின்றதும் முதலில் அதன் வாயருகே போகிறவர் பெர்னார்ட்தான். தள்ளுவண்டியில் கொஞ்சம் கலவையைப் பிடித்துக் கூம்புத் தகரத்துக்குள் அடைப்பார். கூம்பை மெல்ல மேலே தூக்கினால் உள்ளே இருந்த கலவை சரிந்து உட்காரும். எவ்வளவு உட்காருகிறது என்று அளந்து பார்ப்பார். ரொம்பச் சரிந்தால் தண்ணீர் கூடிவிட்டது, இறுகினாலும் பலம் இருக்காது, லோரியைத் திருப்பி அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் அதே கலவையை இரும்பு அச்சுகளில் போட்டு, கம்பியால் குத்திக் குத்தி நிரப்புவார். இந்தக் கல்லைத்தான் கட்டுமான இடத்தில் கியூப் என்பார்கள். மறுநாள் அச்சைக் கழற்றிக் கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவார். நாள் வந்ததும் அவை சோதனைக்கூடத்துக்குப் போகும். அங்கே இயந்திரத்தில் வைத்து, நொறுங்கும்வரை அமுக்குவார்கள். கல் தாங்கிவிட்டால் கட்டடமும் தாங்கும் என்று கணக்கு.

கலவை மீந்தால் ஒரு கல் கூடுதலாகப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது இந்த வேலையில் இருக்கிற எல்லாரும் செய்வதுதான். எப்படியும் குப்பையில் கொட்டப்போகிற கலவை. பெர்னார்ட் ஒரு படி மேலே போய், கல் இறுகும் முன்னே ஆணியால் அதில் இடத்தின் பெயரைக் கீறிவிடுவார். கூலிம் பள்ளிக்கூடம், பட்டர்வொர்த் கிளினிக், ஜெலுத்தோங் அடுக்குமாடி என்று அவர் உழைத்த இடங்களெல்லாம் அவர் மனைவி அமலம்மாளின் சமையலறையில் ஏதாவது ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தன. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அவர்களுடைய ஒரே மகள் ஷேரன் கல்யாணமாகி வீடு தேடிக்கொண்டிருந்தபோது, "ஜெலுத்தோங்ல எடு. நான் டெஸ்ட் பண்ண கட்டடம், கண்ண மூடிக்கிட்டு வாங்கு" என்றார். அவளும் அப்படியே வாங்கினாள். அந்தக் கட்டடத்துக் கல்லின்மேல்தான் வாசலில் மாதா நிற்கிறாள்.

கடைசியாக வந்த கல் பின்கட்டில் இருக்கும் தண்ணீர்த் தோம்புக்கு, அந்தப் பெரிய பீப்பாய்க்கு. தோம்பு ஆடுகிறது, மூன்றாவதாக ஒரு கல் வேண்டும் என்று அமலம்மாள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்ட கல் வந்த பிறகுதான் தொல்லை தொடங்கியது.

ஜூலை மாதம். காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. மத்தியானமானால் தீவுப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வரும், இடிக்கும், ஒரு சொட்டு விழாமல் கலைந்துபோகும். சனிக்கிழமை காலை பெர்னார்ட் கோப்பிக் கோப்பையோடு பின்கட்டுக்கு வந்தபோது அமலம்மாள் விளக்குமாறும் கையுமாகக் குனிந்து நின்றாள்.

"என்னாங்க, இங்க வந்து பாருங்க. தினமும் கூட்டுறேன், தினமும் கொட்டுது."

தோம்புக்கு அடியில் சாம்பல் நிறத்தில் பொடி. மூன்றாவது கல்லின் மூலை இரண்டும் உதிர்ந்து போயிருந்தன.

"புதுக் கல்லு. இன்னும் சரியா இறுகல" என்றார் பெர்னார்ட்.

"சித்திரை முடியறப்ப கொண்டாந்த கல்லு. நித்தம் தண்ணியில நிக்குது. மத்ததெல்லாம் பத்து வருசமா இருக்கு, இப்படிக் கொட்டுச்சா?"

பெர்னார்ட் கோப்பியைக் கீழே வைத்தார். கருவிப் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்துவந்து பக்கத்துக் கல்லில் கீறினார். வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவது கல்லில் கீறினார். திருப்புளியின் முனை உள்ளே இறங்கியது. மறுபடி கொஞ்சம் அழுத்தினார். ஒரு சில்லு பெயர்ந்து தரையில் விழுந்தது.

"சிமெண்டு சரியில்லயா?" என்று கேட்டாள்.

"ம்" என்றார். கோப்பியை மறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். காலையில் அவ்வளவு நல்ல கோப்பியை வீணாக்குகிற மனிதர் இல்லை அவர். அமலம்மாள் கோப்பையையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்றிரவுச் சாப்பாட்டுக்கு அவள் தம்பி நாதன் வந்தான். சனிக்கிழமைகளில் அக்கா வைக்கிற கெம்போங் மீன் குழம்புக்காகவே வருகிறவன். பெண்டாட்டி இறந்து தனியாக இருப்பவன். மச்சான் பெர்னார்ட் சொல்லித்தான், அவர் வேலை செய்யும் தீவுப் பக்கத்து ஜோர்ஜ் டவுன் கட்டுமான இடத்திலேயே அவனுக்கும் வேலை கிடைத்தது. சிலாப்பு என்கிற தளத்துக்குக் கான்கிரீட் போடும்போது அடியில் பலகை அடித்து முட்டுக் கொடுப்பதும், இறுகிய பிறகு முட்டைக் கழற்றிப் பலகையைப் பிரிப்பதும் அவன் கூட்டத்தின் வேலை.

"அக்கா, திங்கக்கிழமைலேர்ந்து எனக்கு ஓவர்டைம்" என்றான், சோற்றைப் பிசைந்துகொண்டே. "நீச்சல் குளத்துக்குக் கீழ இருக்கில்ல பெரிய சிலாப்பு, கார் பார்க் மேல? அதுல முட்டெல்லாம் கழட்டப்போறோம். மண்டோர் என்னத்தான் முன்னால நிக்கச் சொல்லியிருக்காரு."

பெர்னார்டின் கை தட்டில் நின்றுவிட்டது.

"எந்த சிலாப்பு?"

"என்னா மச்சான், நீங்கதான கியூப் எடுத்தீங்க. பம்ப்பு அடைச்சுக்கிட்டுப் பெரிய ரகளையாச்சே அன்னிக்கு."

"அதையா கழட்டுறாங்க?"

"லாப்ல பாஸாயிருச்சாம்லா. உங்க கல்லுதான் பாஸு. அப்புறம் என்னா?"

"திங்கக்கிழமை நீ லீவு போடு" என்றார் பெர்னார்ட்.

"எதுக்கு?"

"போடுன்னா போடு."

நாதன் சிரித்தான். "மச்சானுக்கு வெயில் தலைக்கேறிருச்சுக்கா. இன்னும் ஒரு துண்டு மீன் வை."

அமலம்மாள் மீனை வைத்தாள். அவள் கண் கணவர் முகத்தை விட்டு அகலவில்லை. பெர்னார்ட் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, கைப்பேசியோடு வாசலுக்குப் போனார். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் மீரா சாகிப்பிடம் அவர் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. "நம்ம பையன்தான் பாய்… முதுகுவலின்னு சொல்றான், சொல்ல வெக்கப்படறான்… மாடிப்படி வேலையில போட்டுருங்களேன்… ரொம்ப நன்றி பாய்." திரும்பி வந்தபோது அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அமலம்மாளுக்கோ அப்போதுதான் பயம் பிடித்தது. நாதனுக்கு முதுகுவலி இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை புக்கிட் மெர்தாஜமில் புனித அன்னம்மாள் கோயில் திருவிழா. வருஷா வருஷம் போகிற இடம். கூட்டத்தில் தமிழ்ப் பாட்டும் சீனப் பாட்டும் கலந்து கேட்டன. வெயிலில் மெழுகுவர்த்திகள் ஏற்றும் முன்பே வளைந்தன. அமலம்மாள் மூன்று திரி ஏற்றினாள். மகளுக்கு ஒன்று, அடுத்த ஞாயிறு முதல் பிறந்தநாள் காணப்போகிற பேத்திக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. தம்பியின் திரி பிடித்துக்கொண்ட நேரத்தில் அவனே கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தான். முகம் சிவந்திருந்தது.

"மச்சான், நீங்களா சொன்னீங்க மண்டோர்கிட்ட? எனக்கு முதுகுவலியாம்லா! மாடிப்படிக்கு மாத்திட்டாரு. ஓவர்டைம் போச்சு. என் எடத்துல ரஹீமைப் போட்டாச்சு."

அப்துல் ரஹீம் ராமநாதபுரத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவன். போன கிறிஸ்துமஸுக்கு நாதன் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தான். அமலம்மாள் போட்ட கேக்கை ஊரில் இருக்கிற தன் பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் காட்டிக் காட்டித் தின்றான்.

"முட்டுல முன்னால நிக்கிறது ரஹீமா?" என்றாள் அமலம்மாள்.

"ஆமாக்கா. அவனுக்குச் சந்தோசம்தான், காசு கூட வருதில்ல."

அவள் அதற்குமேல் கோயிலில் ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளில் வரும்போதும் கேட்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கல்லு அந்த சிலாப்புலேர்ந்து வந்ததா?"

பெர்னார்ட் வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்களேன். நான் என்னா போலீசா?"

"அன்னிக்குப் பாலத்துல ஜாம், அமலம். லோரியெல்லாம் லேட்டு. வந்ததும் நான் போய்க் கலவை எடுத்தேன், அளந்தேன், சரியாத்தான் இருந்துச்சு. கியூப் போட்டேன். என் வேலை முடிஞ்சிருச்சு. அப்ப பார்த்து, கலவைய மேல ஏத்துற பம்ப்பு அடைச்சுக்கிச்சு. லோரியெல்லாம் வெயில்ல நின்னுச்சு. உள்ள கலவை இறுக ஆரம்பிச்சிருச்சு. டிரைவருங்க ஓஸ் பைப்பப் போட்டு லோரிக்குள்ள தண்ணியத் தொறந்து விட்டானுங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"கரண்டியக் கழுவிக்கிட்டிருந்தேன்." அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "பாதி சிலாப்பு ஊத்தியாச்சு. அந்த நேரத்துல லோரியத் திருப்பி அனுப்பினா எல்லாரும் எம்மேல விழுவாங்க. எல்லா சைட்டுலயும் இதான் பழக்கம். லோரி வந்ததும் சாம்பிள் எடுத்துட்டா, அப்புறம் எவனும் லோரியப் பாக்க மாட்டான்."

"அப்ப லாப்புக்குப் போன கல்லு?"

"தண்ணி ஊத்தறதுக்கு முந்தி எடுத்தது. அது நல்ல கல்லு. பாஸாகத்தான் செய்யும்."

"நம்ம கல்லு?"

"என்கிட்ட மீந்ததெல்லாம் கொட்டிட்டேன். நீ தோம்புக்குக் கேட்டியேன்னு, சாயங்காலம் பம்ப்புக் குழாய் வாயிலேர்ந்து கொஞ்சம் பிடிச்சேன்."

அமலம்மாள் செருப்புப் பலகைமேல் உட்கார்ந்துவிட்டாள். படித்தவள் இல்லை, ஆனால் இது புரியப் படிப்பு வேண்டாம். சோதனைக்குப் போனது வேறு, மேலே கிடப்பது வேறு. மேலே கிடப்பதில் ஒரு துண்டு தன் வீட்டுத் தோம்புக்கடியில் பொடியாக உதிர்ந்துகொண்டிருக்கிறது. அதை அவள் வாரக்கணக்கில் கூட்டி அள்ளிக் கொட்டியிருக்கிறாள்.

"என் தம்பிய மட்டும் அந்தாண்ட இழுத்துவிட்டுட்டீங்க" என்றாள். "அது ரஹீம் தலையில விழுந்தா வலிக்காதா?"

"சொன்னா வேலை போயிரும்லா. இந்த வயசுல யாரு எனக்கு வேற வேலை குடுப்பான்?"

"போகட்டும். நான் கேட்டரிங்ல பாத்திரம் கழுவுறேன். போன வருசம் அவன் இங்க உக்காந்து கேக் தின்னான்ங்க. இந்தா, இந்தப் பலகையிலதான்." அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பெர்னார்டுக்கு அவளைத் தொடவும் துணிச்சல் வரவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் அவர் தோம்பைச் சாய்த்து மூன்றாவது கல்லை உருவினார். இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. பழைய கைலியில் சுற்றி மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக் கட்டினார். அமலம்மாள் பசியாறக் கொடுத்த தோசையை ஒரு வாய்கூடத் தின்னாமல் கிளம்பினார். தீவுக்குப் போகும் பெர்ரிப் படகிலிருந்து பார்க்க, கடல் அசையாமல் கிடந்தது. எதிரே தீவில் உயர உயரமாகக் கட்டடங்கள். அவற்றில் எத்தனைக்குத் தான் சாம்பிள் எடுத்தோம் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார்.

இஞ்சினியர் குணாளன் கட்டுமான இடத்துக் கண்டெய்னர்ப் பெட்டி அலுவலகத்தில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல பையன். வயதில் மூத்தவர்களை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"வாங்கண்ணே, பசியாறிட்டீங்களா? என்னா மூட்டை அது?"

பெர்னார்ட் மூட்டையை அவிழ்த்தார். மேசைமேல் பொடி சிந்தியது.

"நீச்சல் குளத்து சிலாப்பு சார்."

குணாளன் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் மூலையைத் தேய்த்தார். "இது எங்க இருந்துச்சு?"

"என் வீட்டுல. தோம்புக்குக் கீழ."

"அண்ணே, விளையாடறீங்களா? தொட்டியில ஊறாத கல்லு, நம்பர் இல்லாத கல்லு. இத வச்சு நான் என்னா செய்யறது? லாப்ல உங்க கியூப் எல்லாம் பாஸ். மேல கம்பி கட்ட ஆளுங்க வந்து நிக்கிறாங்க. கீழ இருக்கிற முட்டு வேணும்னு அடுத்த புளோக்குல கத்துறாங்க."

"என் கியூப் பொய் சார்" என்றார் பெர்னார்ட்.

குணாளன் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"கல்லு நல்ல கல்லுதான். ஆனா அது மேல இல்ல. நான் எடுத்த பெறகு லோரியில தண்ணி விட்டாங்க. ஒண்ணு ரெண்டு லோரி இல்ல சார், மத்தியானம் நின்ன எல்லா லோரியிலயும். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எழுதிக் கேட்டாலும் கையெழுத்துப் போடறேன்."

குணாளன் கோபப்படுவார் என்று பெர்னார்ட் எதிர்பார்த்திருந்தார். கோபப்படவில்லை. முகம்தான் வெளுத்துப்போயிற்று. சட்டென்று எழுந்து சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"அண்ணே, கீழ வேலை ஆரம்பிச்சுட்டாங்க."

இரண்டு பேரும் ஓடினார்கள். கார் நிறுத்துமிடம் இருட்டாக, காடுபோல் இரும்பு முட்டுகள் நிறைந்து கிடந்தது. பகலிலும் விளக்குப் போட்டிருந்தார்கள். உள்ளே எங்கோ சுத்தியல் இரும்பில் படும் சத்தம். ஒரு முட்டு விடுபட்டுத் தரையில் விழுந்து உருண்டது. பெர்னார்ட் சத்தம் வந்த பக்கம் ஓடிக்கொண்டே கத்தினார்.

"ரஹீம்! நிறுத்து! கையை எடு!"

சுத்தியலோடு திரும்பிய ரஹீம் இவர்களைப் பார்த்துச் சிரித்தான். "என்னண்ணே, காலையிலேயே இந்தப் பக்கம்?" அவன் பின்னால் ஒரு வரிசை முட்டு கழற்றி அடுக்கப்பட்டிருந்தது. அவன் தலைக்கு மேலே, பலகை பிரித்த இடத்தில், கான்கிரீட்டில் மயிரிழை போன்ற ஈர விரிசல் ஒன்று நீளமாக ஓடியது. மழையே பெய்யாத மாதத்தில், மேலே வேலைக்கு விட்ட தண்ணீர் கசிந்து, அதன் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் வெளிய போங்க" என்றார் குணாளன். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். மண்டோர் மீரா சாகிப் ஏதோ கேட்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் ஆட்களை விரட்டத் தொடங்கினார். கழற்றிய முட்டுகளை முதலில் திரும்ப நிறுத்தச் சொன்னார் குணாளன். அதை நிறுத்தவும் யாராவது அடியில் போய்த்தானே ஆக வேண்டும்? பெர்னார்ட் யாரும் சொல்லாமலே உள்ளே போனார். ரஹீமும் கூட வந்தான். மேலே பார்க்காமல் இருவரும் ஒவ்வொரு முட்டாகத் தூக்கி நிறுத்தித் திருகினார்கள். பெர்னார்டின் வாய் அருள் நிறைந்த மரியாயே சொல்லிக்கொண்டிருந்தது. ரஹீமும் ஏதோ ஓதினான்.

மத்தியானம் பெரிய அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். கான்கிரீட்டின் பலத்தைக் காட்டும், துள்ளித் திரும்பும் சுத்தியலை அதில் வைத்து வைத்து எடுத்தார்கள். சிலாப்புக்குக் கீழே யாரும் போகக் கூடாது என்று சிவப்பு நாடா கட்டினார்கள். குணாளன் வாசல்வரை வந்து பெர்னார்டை வழியனுப்பினார்.

"கூப்பிடுவாங்கண்ணே. அதுவரைக்கும் வராதீங்க" என்றார். பிறகு, "நல்லவேளை சொன்னீங்க" என்றார்.

சாயங்காலம் பெர்னார்ட் வீடு திரும்பியபோது நாதன் அக்காவிடம் எல்லாம் சொல்லி முடித்திருந்தான். முதுகுவலிக் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது. "மச்சான்" என்று மட்டும் சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அமலம்மாள் கோப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். ரஹீம் உயிரோடு இருக்கிறான், அது போதும் அவளுக்கு. ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். மூன்றாவது கல் இல்லாமல் தோம்பு மறுபடி ஆடத் தொடங்கியிருந்ததற்குத்தான் சிரித்தார்கள்.

அப்போது ஷேரன் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை சீக்கிரம் வந்துருங்க. அவரோட ஆபீஸ் ஆளுங்க, சொந்தக்காரங்க, எல்லாம் சேத்து அறுபது பேரு வர்றாங்கலா. மண்டபம் வேணாம்னு வீட்டுலயே வச்சுக்கிட்டோம். பாப்பா இப்ப நல்லா நடக்குறா. கீழ் வீட்டுல சத்தம் போடறாங்க, அந்தக் குதி குதிக்கிறா."

"சரிடா கண்ணு" என்றாள் அமலம்மாள். கைப்பேசியை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அவள் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எழுந்து வாசலுக்குப் போனாள். மாதா சொரூபத்தை இரண்டு கையாலும் தூக்கி நாற்காலியில் வைத்தாள். அடியில் இருந்த கல்லில், ஆணியால் கீறிய 'ஜெலுத்தோங்' என்ற எழுத்து மெழுகு படிந்து மங்கியிருந்தது. சனிக்கிழமை எடுத்த திருப்புளி இன்னும் ஜன்னலோரத்தில்தான் கிடந்தது. எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கீறினாள்.

வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி அழுத்திக் கீறினாள். ஒரு பொட்டுப் பொடிகூட உதிரவில்லை.

"கெட்டியா இருக்குங்க!" என்று கூவினாள். "நாதா, பாருடா, இரும்பாட்டம் இருக்கு! என் புள்ள வீடு நல்லா இருக்கு!"

நாதன் ஓடிவந்து தானும் கீறிப் பார்த்தான். பெர்னார்ட் மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.

அமலம்மாள் திரும்பி அவரைப் பார்த்தாள். திருப்புளி அவள் கையிலேயே இருந்தது. நேற்றுவரை அவளுக்குக் கேட்கத் தெரியாத கேள்வி ஒன்று இப்போது தெரிந்திருந்தது.

"என்னாங்க," என்றாள். "இந்தக் கல்லு எங்க பிடிச்சது? லோரி வந்ததும், தண்ணி விடறதுக்கு முந்தி பிடிச்சதா? இல்ல, குழாய் வாயில பிடிச்சதா?"

பெர்னார்ட் யோசித்துப் பார்த்தார். வெயில் ஞாபகம் இருந்தது. வரிசையாக நின்ற லோரிகள் ஞாபகம் இருந்தன. எங்கோ ஓஸ் பைப்பிலிருந்து தண்ணீர் விழும் சத்தம்கூடக் காதில் கேட்டது. அது எந்தக் கட்டடத்துச் சத்தம் என்றுதான் தெரியவில்லை.

"ஞாபகமில்ல, அமலம்" என்றார்.